கர்ணனுக்கு அளவெடுத்த கதை

கவசம் என்ற சொல்லைக் கேட்டதும் நம்மவர் நினைவில் முதலில் தோன்றுபவன் கர்ணனே. தாயின் கருவிலிருந்தே கவச குண்டலங்களோடு வந்தவன் அவன். அக்கவசம் அவன் கழுத்தை உறுத்தியதாகவோ, அக்குளைக் கிழித்ததாகவோ எந்தப் புராணிகரும் சொல்லி நாம் கேட்டதில்லை. அளவெடுக்க ஆள் தேடி அலையும் தொல்லை சூரியகுமாரனுக்கு இருந்ததில்லை. அந்தக் கர்ணனின் வேடத்தைத் தாங்கி மேடையேறப் போகும் பள்ளி மாணவனின் நிலை அப்படியா? அவனுக்கு வேண்டிய கவசத்தை யாராவது வெட்டியும், வளைத்தும், தேய்த்தும் ஆக்கித் தந்தாகவேண்டும். அவ்வாறு ஆக்கித்தரும் பொறுப்பைச் சில ஆண்டுகளுக்கு முன் நாமே வலிந்து ஏற்றுக்கொண்டோம். அதனால் நாம் பட்ட பாட்டையும், அதைவிட முக்கியமாக ஒரு மாணவன் பட்ட பாட்டையும் இங்கே எழுத விழைகிறோம்.

கந்தப்பளையை அறியாத வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. நுவரெலியாவிலிருந்து இராகலை நோக்கிச் செல்லும் வீதியில், கடல் மட்டத்திலிருந்து 6,000 அடிக்கும் மேலே அமைந்த சிற்றூர் இது. நானுஓயாவிலிருந்து இராகலை வரை ஒரு காலத்தில் ஓடிய குறுகிய இருப்புப்பாதை இவ்வூர் வழியாகத்தான் சென்றது. அந்தப் புகைவண்டி நின்றுபோய்ப் பல தலைமுறைகள் ஆகிவிட்டன. தேயிலை மலைகளும், மரக்கறித் தோட்டங்களும், நினைத்தபோதெல்லாம் வந்து கவியும் பனிமூட்டமும் இன்றும் இருக்கின்றன. இந்தப் பனிமூட்டத்தைப் பற்றிச் சொல்லக் காரணம் உண்டு. மட்டையினால் கவசம் செய்யும் வழக்கமான வழியை எமக்கு அடைத்தது அதுதான்.

தமிழ்த் தினப் போட்டிக்காக, இந்திரன் அந்தணர் வடிவில் வந்து கர்ணனிடம் கவச குண்டலங்களை இரந்து பெறும் காட்சியை நாடகமாக்கியிருந்தோம். முதலில் தடித்த மட்டையை வெட்டி, பொன்னிறத் தாள் ஒட்டி, ஓர் அழகிய மார்புக் கவசம் செய்தோம். இரண்டு ஒத்திகைகளுக்குள் அது ஈரம் இழுத்து, ஊறிய அப்பளம்போல் தொங்கிற்று. கர்ணன் நெஞ்சை நிமிர்த்தினால் கவசம் குனிந்தது! அந்நிலையில்தான் எமக்குப் பிளாஸ்டிக் நினைவு வந்தது.

பிளாஸ்டிக் கவசம் என்றால் உலகம் முழுவதும் இன்று நினைப்பது 1977ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஸ்ரார் வோர்ஸ்' என்ற ஆங்கிலப் படத்தின் வெள்ளைக் கவச வீரர்களையே. பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி இளக்கி, அச்சின்மேல் படரவிட்டு, அடியிலிருந்து காற்றை உறிஞ்சி எடுத்தால் தகடு அச்சின் வடிவத்தை அப்படியே பற்றிக்கொள்ளும். அவ்வீரர்களின் கவசங்களும் தலைக்கவசங்களும் இம்முறையிலேயே இங்கிலாந்தில் செய்யப்பட்டன. அத்தலைக்கவசத்தைச் சிற்பம் என்று கொள்ளலாமா என்ற வழக்குப் பிரித்தானிய உச்ச நீதிமன்றம் வரை சென்றதும், அது சிற்பமன்று என 2011ஆம் ஆண்டில் அந்நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் சுவையான செய்திகள். வேடப்பொருளைச் செய்பவனைச் சிற்பி என்று சொல்வதா, தொழிலாளி என்று சொல்வதா என்ற கேள்விக்கு நம் நாட்டுக் கூத்துக்காரர் எவரும் நீதிமன்றம் சென்றதாக நாம் அறியோம்.

அப்படத்தின்மேல் காதல்கொண்டு, அக்கவசங்களைத் தாமே செய்து அணிந்துகொள்ளும் அன்பர்கள் பல நாடுகளில் இருக்கின்றனர். அவர்களுள் '501ஆவது படையணி' என்ற பெயரால் கூடியவர்கள் அப்படியே உடுத்திக்கொண்டு மருத்துவமனைகளில் நோயுற்ற குழந்தைகளைப் பார்த்து மகிழ்வித்து வருகின்றனர். இதனை 1997ஆம் ஆண்டில் தொடங்கியவர் அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தைச் சேர்ந்த அல்பின் ஜோன்சன் என்பவர். விபத்தொன்றின் காரணமாக ஒரு காலை இழந்தவர். அச்சிலிருந்து வந்த தகடுகள் எல்லார்க்கும் ஒரே அளவின. அணிபவர்களின் உடம்புகளோ ஒன்றுக்கொன்று ஒவ்வாதவை. எனவே அவர்களுடைய வேலையிற் பெரும்பகுதி, தகட்டின் ஓரங்களைச் சிறிது சிறிதாக வெட்டி, வெந்நீரில் தோய்த்து வளைத்துத் தத்தம் உடம்புக்குப் பொருத்திக்கொள்வதே ஆகும்.

இதனைப் படித்த உற்சாகத்தில் நாமும் அவர்கள் கையாளும் 'ஏபிஎஸ்' என்ற வகைத் தகடு ஒன்றைக் கொழும்பிலிருந்து தருவித்தோம். பழைய தகரப் பீப்பாய் ஒன்றை அரைவாசியாக அறுத்து, பாடசாலையின் பின்புறத்தில் அடுப்பு மூட்டி, தண்ணீரைக் கொதிக்க வைத்துத் தகட்டை அதில் அமிழ்த்தினோம். பத்து நிமிடம் சென்றது. இருபது நிமிடமும் சென்றது. விறகு எரிந்ததுதான் மிச்சம். தகடு விறைத்தபடியே இருந்தது.

விஞ்ஞான ஆசிரியர் வந்து பார்த்துச் சிரித்தார். இவ்வகைத் தகடு நன்கு இளக ஏறத்தாழ 105 பாகை செல்சியசு வெப்பம் வேண்டும். கடற்கரை ஊர்களில் நீர் 100 பாகையில் கொதிக்கும். அங்கே இலேசாக வளைத்துக்கொள்வோரும் உளர். மேலே செல்லச் செல்லக் காற்றின் அழுத்தம் குறைவதால், ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய ஒரு பாகை வீதம் கொதிநிலையும் தாழ்ந்துகொண்டே வரும். எமது ஊரில் 94 பாகையளவிலேயே தண்ணீர் கொதித்துவிடுகிறது! அதற்குமேல் எவ்வளவு விறகைத் திணித்தாலும் நீராவிதான் மிகுமே அன்றிச் சூடு ஏறாது. பருப்பு வேகவில்லை என்று மலைநாட்டு இல்லத்தரசிகள் படும் குறைக்கும், எமது கர்ணனின் கவசம் வளையாமைக்கும் காரணம் ஒன்றே என்பதை அன்று அறிந்துகொண்டோம்.

வழியையும் அவரே சொன்னார். தண்ணீர்க் குழாய்கள் செய்யப்படும் பிவிசி என்ற பிளாஸ்டிக் 80 பாகையளவிலேயே இளகத் தொடங்கும். எமது கொதிநீர் அதற்குப் போதும். ஆறங்குல விட்டமுள்ள எஸ்லோன் குழாயில் ஒன்றேகால் அடித் துண்டை அறுத்து, நீளவாக்கில் ஒரு பக்கம் பிளந்து, கொதிநீரில் இட்டு எடுத்தால் தடித்த துணிபோல் விரியும். விரித்ததும் ஏறக்குறையப் பத்தொன்பது அங்குல அகலம் கிடைக்கும். ஒரு மாணவனின் மார்பை மூடி விலாப்பக்கம் வரை சுற்ற அது தாராளம். மார்புக்கு ஒன்றும் முதுகுக்கு ஒன்றுமாக இரண்டு தகடுகள் போதும்.

இங்கே மாணவர்களுக்கு ஓர் எச்சரிக்கை கூறாமல் அப்பாற் செல்ல எமக்கு மனமில்லை. குழாயை நேரே நெருப்பில் காட்டி வாட்டக் கூடாது. பிவிசி கருகினால் நுரையீரலை அரிக்கும் அமிலப் புகை கிளம்பும். வெந்நீரே போதும், அதுவும் திறந்த வெளியில், தடித்த கையுறை அணிந்து, பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்கச் செய்ய வேண்டிய வேலை. அப்பீப்பாயைப் பின்னர் உண்ணும் பண்டம் எதற்கும் பயன்படுத்தவும் ஆகாது.

இவ்வளவும் செய்தோம். தகடுகள் அழகாக வந்தன. பின்னர் நாம் செய்ததுதான் பிழை.

கணித ஆசிரியர் ஒருவரின் துணையுடன் கடுதாசியில் மாதிரி ஒன்று வரைந்தோம். நடுவே கோடு, கோட்டுக்கு இருபுறமும் ஓர் இம்மியும் பிசகாத ஒரே அளவு. கழுத்து வளைவு இவ்வளவு, கைவளைவு இவ்வளவு என்று அளவுகோலால் குறித்து, வாளினால் அறுத்து, ஓரங்களைத் தேய்த்து, பொன்வர்ணம் பூசினோம். மேசைமேல் வைத்தபோது அதன் அழகைக் காண வகுப்பு வகுப்பாகப் பிள்ளைகள் வந்தனர். நாமும் சிறிது கர்வம் கொண்டோம் என்பதை மறைப்பானேன்?

கர்ணனாக நடித்தவன் பத்தாம் வகுப்பு மாணவன். அருகிலுள்ள தோட்டமொன்றின் லயத்தில் வாழ்பவன். குரல் வளமும் முகபாவமும் அவனுக்கு இயல்பாக அமைந்திருந்தன. கவசத்தை அணிவித்தபோது, "எப்படி இருக்கிறது?" என்று கேட்டோம். "நல்லா இருக்கு சேர்" என்றான். அடுத்த நாளும் கேட்டோம், அதே விடை. வில்லை உயர்த்தும் இடத்தில் அவன் கை முன்போல் எழவில்லை. வசனத்தில் மூச்சு இடையிடையே அறுந்தது. ஊக்கம் குறைந்துவிட்டதோ என்று எண்ணி இரண்டொரு கடுஞ்சொற்களும் கூறினோம்.

ஐந்தாம் நாள் ஒத்திகை முடிந்து கவசத்தைக் கழற்றியபோதுதான் அவனுடைய பனியனின் இடது அக்குளருகே ஒரு சிவந்த கறையைக் கண்டோம். பனியனை விலக்கிப் பார்த்தபோது எமது நெஞ்சு பதறிற்று. அக்குளின் முன்மடிப்பில் தோல் உரிந்து, இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. வலப்பக்கம் கழுத்தின் அடியிலும் தகட்டின் விளிம்பு பதிந்து கன்றிப்போயிருந்தது.

"ஏன் தம்பி சொல்லவில்லை?" என்றோம்.

வெகுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, "சொன்னா வேற ஆளப் போட்டுருவீங்கன்னு பயந்துட்டேன் சேர்" என்றான்.

அவன் அஞ்சியதில் பொருள் இல்லாமல் இல்லை. கவசம் பொருந்தும் மாணவன் ஒருவனைத் தேடிப் பிடிப்பது, கவசத்தை மாற்றுவதைவிட இலகுவானது என்ற எண்ணம் எமக்கே ஒரு கணம் வந்ததுண்டு. அதனை இங்கே எழுதவும் நாணமாக இருக்கிறது.

மறுநாள் மாலை அவன் தன் பாட்டனாரை அழைத்துக்கொண்டு வந்தான். எழுபது வயதைத் தாண்டியவர்; தோட்டத்தில் கவ்வாத்து வெட்டி ஓய்வுபெற்றவர். தம் இளமைக் காலத்தில் காமன் கூத்தில் வேடம் கட்டியவர். 'அர்ச்சுனன் தபசு' நடந்த ஆண்டுகளில் அர்ச்சுனனாகத் தபசுமரம் ஏறியவர். மலையகத் தோட்டங்களில் காமன் கூத்து, அர்ச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் ஆகிய மூன்றும் இம்மக்களின் முன்னோர் தமிழகத்திலிருந்து வந்தபோது கொண்டுவந்த செல்வங்கள். மாசி மாதத்தில் கம்பம் ஊன்றி, தப்பு முழங்க ஆடப்படும் காமன் கூத்து இன்றும் பல தோட்டங்களில் தொடர்ந்து வருகிறது. தபசுக் கூத்திலோ, பாசுபதம் வேண்டிச் செல்லும் அர்ச்சுனன் உயர்ந்த கம்பத்தில் பாடிக்கொண்டே ஏறவேண்டும். முழு வேடத்துடன் மரம் ஏறுகிறவனுக்கு அக்குளில் இடறும் ஓர் அங்குலம் உயிரோடு விளையாடும் அங்குலமாகும்!

பெரியவர் கவசத்தைக் கையிலெடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரலால் தட்டினார். பேரனை மேற்சட்டையின்றி எம்முன் நேராக நிற்கச் சொன்னார்.

"சேர், இந்தப் பயலுக்கு ரெண்டு தோளும் ஒண்ணில்லையே. நீங்க பாக்கலையா?" என்று கேட்டார்.

பார்த்தோம். இடது தோள் வலத்தோளைவிடத் தாழ்ந்திருந்தது. ஏழு வயதில் மழைக்காலத்து இரவொன்றில் தேயிலை மலைக் கானில் விழுந்து காறை எலும்பு முறிந்ததாம். எலும்பு சற்றே ஒன்றன்மேலொன்று ஏறிக் கூடிவிட்டதாம். ஒரு மாதமாக நாள்தோறும் எதிரில் நிறுத்தி நடிப்புச் சொல்லிக்கொடுத்த மாணவனின் தோளை நாம் பார்த்திருக்கவில்லை. இருபுறமும் ஒத்த கவசத்தை அவன்மேல் போட்டதும் அது தாழ்ந்த பக்கம் சரிந்தது. சரிந்ததனால் இடது அக்குளை விளிம்பு அறுத்தது. வலப்பக்கம் கழுத்தில் ஏறி நெரித்தது. காரணம் தெரிந்ததும் இரண்டு காயங்களின் கணக்கும் நேராயிற்று.

"கழற்றிவிட்டுப் புதிதாகச் செய்வோமா?" என்றோம். "வேணாம் சேர், இதையே வெட்டிறலாம்" என்றார்.

வெட்டுமுன் அவர் செய்தவற்றை விரிவாகவே சொல்லவேண்டும். அக்காயங்களின்மேல் துணி மடித்து வைத்துக் கவசத்தை அணிவித்தார். கரித்துண்டு ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டார். பேரனைத் தபசு செய்வதுபோல் இரு கைகளையும் தலைக்குமேல் தூக்கச் சொன்னார். தகடு எங்கே சதையைத் தொட்டதோ அங்கே ஒரு கோடு. வில்லை வளைக்கச் சொன்னார், இன்னொரு கோடு. முழந்தாளிட்டு இருக்கவும், குனிந்து பெரியோர் பாதம் தொடவும், பெருமூச்சு இழுத்து ஓர் அடி பாடவும் சொன்னார். ஒவ்வொன்றிற்கும் ஒரு கோடு. நாம் மேசைமேல் கிடத்தி அளந்த கவசத்தை அவர் அசையும் உடம்பின்மேல் அளந்தார். முடிந்தபோது இடது கைவளைவில் கோடுகள் பின்னிப் பிணைந்து கிடந்தன, வலப்பக்கம் இரண்டொன்றே. இடுப்பின் அடியோரத்தில், குனியும்போது தொடையில் இடிக்கும் இடத்தில், நாம் எதிர்பாராத ஒரு கோடும் இருந்தது.

பின்னர் அவ்வளவையும் ஒரேயடியாக வெட்டவில்லை. கோட்டுக்குப் பாதி தூரமே வெட்டினார். மீண்டும் அணிவித்து, மீண்டும் கை தூக்கச் சொல்லிப் பார்த்து, மிகுதியில் பாதி வெட்டினார். எமக்குப் பொறுமை போதவில்லை. "கோடுவரை வெட்டிவிட்டால் என்ன ஐயா?" என்றோம்.

"தேயிலச் செடின்னா மறுபடி துளிர்க்கும் சேர். இது துளிர்க்காது" என்றார்.

நாற்பது ஆண்டுகள் கவ்வாத்துக் கத்தி பிடித்த கையின் சொல் அது. செடியை முழங்கால் உயரத்துக்குத் தறித்தாலும் சில மாதங்களில் கொழுந்து தரும். தகட்டில் கூடுதலாகப் போன கால் அங்குலம் போனதுதான். வெளிநாட்டு அன்பர்களும் கோட்டுக்கு வெளியே வெட்டு, வெட்டியபின் அணிந்து பார், மறுபடி வெட்டு என்றே தமக்குள் சொல்லிக்கொள்கின்றனர்.

இடையில் நாம் ஒரு தவறு செய்து அவர் முன்னால் வெட்கப்பட்டோம். வேலையை விரைவுபடுத்த எண்ணி, முதுகுத் தகட்டின் கைவளைவைச் சதுர மூலையாக வாளால் அறுத்துக் கொடுத்தோம். காலைக் குளிரில் விறைத்திருந்த பிவிசி, மாணவன் தோளை அசைத்ததும் அம்மூலையிலிருந்து 'டிக்' என்று கீறிற்று. கூர்மையான மூலையில் விசை முழுவதும் ஒரு புள்ளியில் குவிந்து பிளவு ஓடத் தொடங்கிவிடும். பிளவு முடியும் இடத்தில் சிறு துளையொன்று இட்டால் அது மேலும் ஓடாது என்பதை விஞ்ஞான ஆசிரியர் சொல்ல, அவ்வாறே துளையிட்டு, உட்புறம் ஒரு பட்டை ஒட்டி அதனைக் காப்பாற்றினோம். அதன்பின் மூலை எதுவும் இல்லை, எல்லாம் வளைவே. வெட்டு வேலையையும் உச்சிவெயில் ஏறியபிறகே வைத்துக்கொண்டோம்.

வெட்டி முடிந்த விளிம்பு கத்திபோலல்லவா இருக்கும்? அதற்கும் பெரியவரிடம் வழி இருந்தது. கைவளைவின் ஓரத்தை மட்டும் கொதிநீரில் அரை அங்குலம் தோய்த்து, இளகியதும் உருண்டையான கட்டையொன்றின்மேல் அழுத்தி வெளிப்புறமாகத் திருப்பிவிட்டார். இப்போது சதையைத் தொடுவது விளிம்பன்று, உருண்ட வளைவு. அதன்மேல் பழைய துவிச்சக்கரவண்டிக் குழாயை நீளவாக்கில் பிளந்து பட்டியாகப் பொருத்தினோம். கழுத்துக்கும் அவ்வாறே செய்தோம்.

ஆயினும் ஒரு குறை இருந்தது. இடப்பக்கம் ஆழமாக வெட்டியதால் உறுத்தல் நின்றது. கவசம் இடப்பக்கம் சரிந்தே நின்றது. மேடையில் கர்ணன் கோணலாக நிற்பானே என்று கவலைப்பட்டோம். பெரியவர் தாம் போர்த்தியிருந்த பழைய கம்பளியின் ஓரத்தைக் கிழித்து, நான்காக மடித்து, இடது தோளின்மேல் தகட்டின் உட்புறத்தில் வைத்துத் தைத்தார். மழையிலும் பனியிலும் அவர் தோளைக் காத்த கம்பளி அது. தோள் தாழ்ந்த அளவுக்குக் கம்பளி நிறைந்து நின்றதால் கவசம் மட்டமாயிற்று. பின், இடது கைவளைவில் வெட்டு ஆழமாகத் தெரிவதை மறைக்க அப்பக்கத்துப் பூவேலைக் கரையை அரை அங்குலம் அகலமாக ஒட்டச் சொன்னார். பத்தடி தள்ளிநின்று பார்த்தோம். எமது கடுதாசி மாதிரியில் இருந்த அதே ஒழுங்கு! அளவுகோல் வைத்துப் பார்த்தாலோ இடமும் வலமும் எந்த இடத்திலும் ஒத்திருக்கவில்லை.

அன்று மாலை தேநீர் அருந்தியபடி அவர் பழங்கதைகள் சொன்னார். மரத்தேயிலைப் பெட்டிகள் இருந்த காலத்தில், உடைந்த பெட்டியின் பலகையில் புஜகீர்த்தியும் மார்புப் பதக்கமும் வெட்டி, அப்பெட்டியின் உட்புறத்து மினுங்கும் தாளையே மேலே ஒட்டுவார்களாம். தீப்பந்த வெளிச்சத்தில் அது பொன்னாகவே தெரியுமாம்.

தமிழ்நாட்டுத் தெருக்கூத்தில் இதற்குக் கல்யாண முருங்கை மரம் பயன்படுகிறது. மிக இலேசான மரம். விடியவிடிய ஆடுகிறவன் தோளில் சுமை தெரியாது. கிரீடம், புஜகீர்த்தி, மார்புப் பதக்கம் ஆகியவற்றை அம்மரத்தில் குடைந்து, கண்ணாடித் துண்டுகள் பதித்து அணிகிறார்கள். இவ்வணிகளைத் தரித்து வருவதைக் 'கட்டை கட்டுதல்' என்றே சொல்வர். 'கர்ண மோட்சம்' ஆடும் கர்ணனும் கட்டை கட்டியே வருவான். அம்மரத்தின் நெருங்கிய இனமான முருக்கு நமது தேயிலைத் தோட்டங்களில் நிழல்மரமாக நெடுங்காலமாக நடப்பட்டு வருவது. கவசத்துக்கான மரம் எமது வாசலிலேயே நிற்க, கொழும்புக்குத் தகடு தேடிப் போனோம். மட்டக்களப்பு வடமோடிக் கூத்தின் அரசர்கள் அணியும் கரப்புடுப்பையும் இங்கே நினைவுகூரலாம். பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு 1962ஆம் ஆண்டில் 'கர்ணன் போர்' கூத்தை மேடையேற்றிய பின்னரே, படித்த வட்டாரத்தினர் பலர் இவ்வேடங்களைக் கண்ணெடுத்துப் பார்க்கத் தொடங்கினர்.

மெய்யான போர்க்கவசமும் இதற்கு விலக்கன்று. இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றி மன்னனின் இளமைக் காலக் கவசத்தையும் 1540ஆம் ஆண்டளவில் செய்த கவசத்தையும் இன்றும் அந்நாட்டில் பார்க்கலாம். அரசரின் இடுப்பு எவ்வளவு பெருத்தது என்பதை அரசவைப் புலவர் மறைத்திருக்கலாம். கவசம் செய்தவரால் மறைக்க முடியவில்லை!

இனிக் கட்டும் முறை பற்றி ஒரு வார்த்தை. மற்ற வீரர்களின் கவசத்தை இறுகக் கட்டிவிட்டாற் போதும். கர்ணனுக்கு அப்படியன்று, அவன் அதனைச் சபை காணக் கழற்றிக் கொடுக்கவேண்டும். மூலக்கதையிலோ தன் உடம்பிலிருந்து அறுத்தே கொடுக்கிறான். முன்தகட்டையும் பின்தகட்டையும் ஆணியால் பிணைத்தால் மூச்சுக்கு இடமில்லை. எனவே தோளில் தோல்வாரும், விலாவில் நாலங்குல இலாஸ்ரிக் பட்டியும் வைத்தோம். மூச்சு விரிய அது விரிந்தது. இடப்புறத்தில் மட்டும் சுருக்கு முடிச்சிட்ட நாடா. ஒரே இழுப்பில் அவிழும். நோகாத கைப்புறம் வலப்புறமாதலால், வலக்கையால் இடப்புறத்து நாடாவை இழுப்பதாக நடிப்பை மாற்றியமைத்தோம்.

காயம் ஆற ஒரு வாரம் சென்றது. அவ்வாரம் முழுவதும் கவசமின்றியே ஒத்திகை நடத்தினோம். வேறொருவனைப் போடும் பேச்சு எழவில்லை. எழுந்தாலும் பெரியவர் தினமும் மாலையில் வந்து பின்வாங்கில் அமர்ந்திருந்தபடியால் அது வாயிலேயே நின்றிருக்கும்.

போட்டி நாளும் வந்தது. இந்திரன் இரந்தான். கர்ணன் சிரித்தான், அந்தச் சிரிப்பை நாம் சொல்லிக்கொடுக்கவில்லை. வலக்கை குறுக்கே சென்று நாடாவை இழுத்தது. கவசம் முன்புறமாகச் சரிந்து அவன் கைகளில் விழுந்தது. அதன் அடியில் நாம் உடுத்தியிருந்த மெல்லிய செந்நிறத் துணி, உரித்த உடம்புபோலத் தோன்றவேண்டும் என்பது ஏற்பாடு. அது அவ்வாறே தோன்றியது. கூடவே, கவசம் இருந்தவரை மட்டமாக நின்ற இரு தோள்களில் ஒன்று, அது நீங்கியதும் தாழ்ந்து தெரிந்தது. அதனை நாம் ஏற்பாடு செய்யவில்லை. சபையில் ஓர் இருமலும் கேட்கவில்லை. பின்வரிசையிலிருந்த பெரியவர் எழுந்து நின்றே பார்த்துக்கொண்டிருந்தார்.

பரிசு கிடைத்ததா என்று கேட்பீர்கள். இரண்டாம் இடம். நடுவர்களுள் ஒருவர் அருகில் வந்து, இக்கவசத்தை எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்று வினவினார். பெரியவரைக் காட்டினோம். அவர் கம்பளியைச் சரிசெய்துகொண்டு, கவசத்தின் கரையில் ஓரிடத்தில் வர்ணம் உரிந்திருப்பதைச் சுட்டி, பூசுமுன் மணற்கடுதாசியால் இன்னும் தேய்த்திருக்க வேண்டும் என்றார்.

அம்மாணவன் இப்போது உயர்தரம் முடித்துவிட்டான். கவசம் எமது பாடசாலை மண்டபத்தின் பின்னறையில் ஓர் ஆணியில் தொங்குகிறது. சென்ற தவணையில் அந்நாடகத்தை மறுபடியும் போட எண்ணி, ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவனுக்கு அதனை அணிவித்தோம். நேரான தோள்களையுடைய பிள்ளை. கவசம் உடனே வலப்பக்கம் சரிந்தது. உட்புறத்துக் கம்பளியைப் பிரித்தெடுத்தால் சரியாகிவிடுமென்று ஒருவர் கத்தியை நீட்டினார். நாம் அதனைத் திரும்ப ஆணியிலே மாட்டிவிட்டு, ஆறங்குலக் குழாய் வாங்க அந்தப் பிள்ளையையும் அழைத்துக்கொண்டு நுவரெலியாவுக்குப் பஸ் ஏறினோம்.